அளவுத்தாள் வந்த மடல்: எழுத்துத் திரையில் இணைப்புகளும் திருப்பூரின் தேவையும்

பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருந்த காலத்தில் ஓர் அளவுத்தாள் என்னை இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் அலைக்கழித்தது. பையரிடமிருந்து முதல் வாரம் ஓர் எக்ஸெல் கோப்பு வந்தது. அடுத்த வாரம் திருத்திய கோப்பு வந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர். என் கணினியில் இரண்டாவது கோப்பு, பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டு தனியாகக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. பழைய தாளையே அச்செடுத்துப் பேட்டர்ன் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். ஆர்ம்ஹோல் ஒன்றரை சென்டிமீட்டர் குறைவாக, லே போட்டு வெட்டியாகிவிட்டது. துணி போனது ஒரு பக்கம். ஷிப்மென்டுக்கு இருந்த நாள் போனதுதான் பெரிய அடி.

அதன் பிறகு எங்கள் அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, அந்த இரண்டு மெயிலையும் தன் கறுப்புத் திரையில் திறந்து காட்டினார். அதில் படம் இல்லை, அழுத்தப் பொத்தான் இல்லை. ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு சின்னப் பட்டியல் விரிந்தது. முதல் பகுதி வெறும் எழுத்து, இரண்டாவது வலைப்பக்க வடிவம், மூன்றாவது எக்ஸெல். ஒவ்வொன்றுக்கும் நேராக வகை, பெயர், அளவு. பழைய கோப்பு 48 கேபி, புதியது 61 கேபி. "அண்ணா, பேரு ஒண்ணுதான், சரக்கு வேற" என்றார். அந்த ஒரு வரி வித்தியாசம் முன்பே என் கண்ணில் பட்டிருந்தால் அந்த லே மேஜைக்கே போயிருக்காது.

எழுத்தை மட்டுமே காட்டும் இத்தகைய மின்னஞ்சல் நிரல்களில் இணைப்புகளை எப்படிக் கையாள்கிறார்கள், அந்த முறை எங்கிருந்து வந்தது, நம் ஊர்த் தொழிலுக்கு அதனால் என்ன பயன், எந்த இடத்தில் அது கைவிட்டுவிடும் என்பதை இங்கே பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் எல்லாரும் இதற்கு மாற வேண்டியதில்லை. ஆனால் ஆர்டர் மெயில்கள் வந்து சேரும் இடத்தில், ஏதாவது ஒரு மேஜையில், இந்தத் திரை இருந்தே ஆக வேண்டும்.

இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. ஆனால் ஓர் ஆர்டர் ஒரே கூரைக்குள் முடிவது இங்கே அபூர்வம். நூல் ஓரிடத்தில், நிட்டிங் ஓரிடத்தில், சாயம், காம்பாக்டிங், பிரின்டிங், எம்பிராய்டரி எல்லாம் வெவ்வேறு ஜாப் ஒர்க் யூனிட்டுகளில்; பிறகு கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இத்தனை கைகளையும் ஒன்றாகக் கட்டிவைப்பது மெயிலோடு வரும் கோப்புகள்தான். டெக் பேக், அளவுத்தாள், ஆர்ட்வொர்க், பர்ச்சேஸ் ஆர்டர், இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங். துணியில் ஓட்டை விழுந்தால் செக்கிங்கில் பிடிபடும். கோப்பில் விழுந்த ஓட்டையைப் பிடிக்க இங்கே தனி மேஜை கிடையாது.

எழுத்து மட்டுமே போகும் பாதை

மின்னஞ்சல் பிறந்தபோது அதில் இணைப்பு என்ற ஒன்றே இல்லை. ரே டாம்லின்சன் 1971-இல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பியது வெறும் எழுத்து. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற விதிநூல் மெயில் செல்லும் பாதையை வகுத்தது. அந்தப் பாதையில் ஏழு பிட் எழுத்துகள் மட்டுமே போகலாம். அதாவது ஆங்கில எழுத்து, எண், சில குறிகள். படமோ, கணக்குத்தாளோ, தமிழோ அந்த வழியில் நேராகப் போக முடியாது.

மாற்றுவழி அதற்கு முன்பே யுனிக்ஸ் உலகில் தோன்றியிருந்தது. பெர்க்லியில் மேரி ஆன் ஹார்டன் 1980-இல் எழுதிய யுயுஎன்கோட் என்ற நிரல், எந்தக் கோப்பையும் எழுத்து வரிகளாக மாற்றிக் கொடுத்தது. பெறுபவர் அந்த வரிகளை வெட்டியெடுத்துத் திரும்பக் கோப்பாக்கிக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு வரி விழுந்துபோனால் கோப்பே போயிற்று.

இதை ஒழுங்குபடுத்தியவர்கள் நதேனியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும். 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் ஒரு படத்தையும், தானும் நண்பர்களும் பாடிய பாட்டையும் ஒரே மடலில் சேர்த்து அனுப்பினார். அதே ஆண்டு ஜூனில் மைம் என்ற முறை ஆர்எஃப்சி 1341 ஆக வெளிவந்தது; 1996-இல் 2045 முதல் 2049 வரையிலான ஐந்து விதிநூல்களாகத் திருத்தம் பெற்றது. இன்று ஜிமெயிலில் காகிதக் கிளிப் படத்தை அழுத்தும் ஒவ்வொருவரும் அந்த முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மைம் செய்வது பேக்கிங் செக்ஷனில் நடக்கும் வேலைதான். மடலைப் பல பகுதிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பகுதியின் தலையிலும் ஒரு லேபிள் ஒட்டுகிறது: உள்ளே இருப்பது என்ன வகை, அதன் பெயர் என்ன, எப்படி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மடிப்பதற்குப் பெரும்பாலும் பேஸ்64 என்ற முறை. கோப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாகிறது. அந்த எழுத்துகள் 64 மட்டுமே: ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இலக்கம் 10, கூட்டல் குறி, சாய்கோடு. ஆகவே எந்த இணைப்பும் பாதையில் போகும்போது மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். 3 எம்பி ஆர்ட்வொர்க் ஒன்று, வரிக்கு 76 எழுத்து வீதம், 55 ஆயிரத்துக்கு மேற்பட்ட வரிகளாக விரியும். அனுப்பும் வரம்பு 25 எம்பி என்று எழுதியிருக்கும் இடத்தில் 24 எம்பி கோப்பு திரும்பி வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், இணைப்பு என்பது மெயிலின் ஓரத்தில் தொங்கும் தனிப்பொருள் அல்ல. அதுவும் மடலின் எழுத்தோடு எழுத்தாகத்தான் வருகிறது. எழுத்தைக் காட்டும் நிரலுக்கு இணைப்பைக் காட்டத் தெரியாது என்ற எண்ணம் இந்த இடத்திலேயே தவறிப்போகிறது. லேபிள்களை உள்ளது உள்ளபடி படித்துக் காட்ட அதைவிட நெருக்கமான கருவி இல்லை.

ஷெல் கணக்கின் காலம்

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையத்தை, அன்றைய அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களே முதலில். படங்களோடு இணையத்தைப் பார்க்கும் கணக்குக்கு விலை அதிகம். மாணவர்களும் சிறு அலுவலகங்களும் எடுத்தது ஷெல் கணக்கு. மோடம் கத்தி முடித்ததும் எழுத்துத் திரை வரும். மெயில் பார்க்கப் பைன், வலை பார்க்க லிங்க்ஸ். இந்தியாவில் இணையத்தின் முதல் தலைமுறை மெயில் படிக்கக் கற்றுக்கொண்டது பைனில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் தொடங்கிய நிரல் பைன். திரையின் அடியில் எந்த விசைக்கு என்ன வேலை என்று எப்போதும் எழுதியிருக்கும்; கணினி தெரியாத அலுவலக ஊழியரை மனத்தில் வைத்துச் செய்தது. இணைப்பைப் பார்க்க 'வி', சேமிக்க 'எஸ்', அனுப்பும்போது சேர்க்கக் கண்ட்ரோலோடு 'ஜே'. ஆனால் ஷெல் கணக்குக்காரருக்கு 'எஸ்' அழுத்தியதோடு வேலை முடியாது. அவர் சேமித்த கோப்பு விஎஸ்என்எல் கணினியில் அவருக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் போய் உட்கார்ந்தது. மேஜையில் இருக்கும் கணினிக்கு அதைக் கொண்டுவர இசட்மோடம் என்ற முறையை இயக்கித் தொலைபேசிக் கம்பி வழியே இழுக்க வேண்டும். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் 1 எம்பி படத்தைக் கொண்டுவர ஏறத்தாழ கால் மணி நேரம்; பேஸ்64 மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே இழுத்தால் இருபது நிமிடம். நடுவில் தொலைபேசி அறுந்தால் இசட்மோடம் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த ஒரு குணத்துக்காகவே அதைக் கொண்டாடியவர்கள் உண்டு.

திருப்பூர் அப்போது ஃபேக்ஸிலும் கூரியரிலும் ஓடிக்கொண்டிருந்தது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990-இல் உருவாகி, ஐரோப்பிய ஆர்டர்கள் குவியத் தொடங்கிய காலம். பையர் வரைந்த ஸ்கெட்ச் ஃபேக்ஸில் கறுப்புக் கோடாக வரும்; துணி மாதிரி கூரியரில் வரும். அந்த முறையில் ஒரு கட்டுப்பாடு தானாகவே இருந்தது. வந்த தாளை ஒருவர் கையில் வாங்கி, தேதி முத்திரை குத்தி, ஃபைலில் கோத்தார். மெயில் வந்ததும் அந்த முத்திரை போய்விட்டது. இன்று நமக்கு இருக்கும் பாதிக் குழப்பம் அங்கே தொடங்கியது என்பது என் எண்ணம்.

மட், ஆல்பைன், மெயில்கேப்

பைனின் வாரிசு ஆல்பைன்; 2007-இல் வந்தது. மைக்கேல் எல்கின்ஸ் 1995-இல் எழுதத் தொடங்கிய மட் இன்னொரு பெரிய குடும்பம். நியோமட் அதன் கிளை. அண்மைக் காலத்தில் ஏர்க் வந்திருக்கிறது. ஈமேக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பானைப் பழகியவர்களுக்கு கனஸ், மூ4ஈ. இவற்றில் மட் நிரலும் ஆல்பைனும் இணைப்பை நடத்தும் விதத்தில் ஒரு வேறுபாடு உண்டு. நம் ஊருக்கு அது முக்கியம். மடலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்க உதவும் ஐமேப் முறையைக் கண்டுபிடித்த மார்க் கிரிஸ்பின் பைன் உருவான அதே பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். மடலை முழுக்க இறக்காமல், அதன் பகுதிகளின் பட்டியலை மட்டும் சர்வரிடம் கேட்டு வாங்கும் வசதி ஐமேப்பில் உண்டு. ஆல்பைன் அதைப் பயன்படுத்துகிறது. 20 எம்பி டெக் பேக் வந்தாலும் பட்டியல் உடனே தெரியும், வேண்டிய பகுதியை மட்டும் இறக்கலாம். மட் மடலைத் திறந்தவுடன் முழுவதையும் இறக்கும். அலுவலகத்துக்குள் ஒரு சர்வரில் மெயிலை மொத்தமாக இறக்கி வைத்திருப்பவருக்கு மட் சரி. ஜாப் ஒர்க் யூனிட்டில் கைபேசி இணையத்தைப் பகிர்ந்து மடிக்கணினியில் மெயில் பார்ப்பவருக்கு ஆல்பைன் நல்லது.

மட்டில் 'வி' அழுத்தினால் நான் அன்று பார்த்த பட்டியல் வரும். ஒரு பகுதியின் மேல் நின்று 'எஸ்' போட்டால் சேமிக்கும். குழாய்க்குறி போட்டால் அந்தப் பகுதியை வேறொரு நிரலுக்குள் ஊற்றும். எந்த வகைக் கோப்பை எந்த நிரல் திறக்க வேண்டும் என்பது மெயில்கேப் என்ற சிறு கோப்பில் வரிவரியாக எழுதியிருக்கும். அதுவும் போரன்ஸ்டைன் தந்ததே. 1993-இல் ஆர்எஃப்சி 1524 ஆனது. பிடிஎஃப் வந்தால் எழுத்தை உருவிக் காட்டு, வலைப்பக்க மடல் வந்தால் லிங்க்ஸ் வழியே எழுத்தாக்கிக் காட்டு, படம் வந்தால் படநிரலைக் கூப்பிடு என்று ஒவ்வொரு வரியும் ஒரு கட்டளை. இதில் ஓர் அபாயமும் உண்டு. கோப்பின் பெயருக்குள் கட்டளைக் குறிகளை ஒளித்து அனுப்பினால், கவனமின்றி எழுதிய மெயில்கேப் வரி அந்தப் பெயரையே கட்டளையாக ஓட்டிவிடக்கூடும். மட் அத்தகைய குறிகளைத் தானே வடிகட்டுகிறது. அதன் கையேடு சொல்வதை மீறிப் பெயரைச் சுற்றி மேற்கோள் குறி போட்டுக் குழப்பாமல் இருப்பது நம் பொறுப்பு. எழுத்துத் திரை என்றாலே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

குழாய்க்குறியின் பலனை ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன். என்னைக் கவிழ்த்த அந்த இரண்டு அளவுத்தாளையும் தம்பி லிப்ரே ஆபீஸைத் திரையில்லாமல் ஓட்டி வெறும் எழுத்து அட்டவணையாக மாற்றினார். பிறகு டிஃப் என்ற பழைய யுனிக்ஸ் நிரலிடம் இரண்டையும் கொடுத்தார். நாற்பது வரி அளவுத்தாளில் அது மூன்று இடத்தைத்தான் காட்டியது. இடம் பார்த்த அம்புக்குறியோடு 'ஆர்ம்ஹோல் 22.5', அதன் கீழே வலம் பார்த்த அம்புக்குறியோடு 'ஆர்ம்ஹோல் 24'. மற்ற இரண்டு திருத்தமும் நெக் ரிப்பில். வேறெதுவும் மாறவில்லை. மனிதக் கண் நாற்பது வரியை ஒப்பிட்டால் மூன்றில் ஒன்றைத் தவறவிடும். அதுவும் ஷிப்மென்டுக்கு முந்தின வாரம் என்றால் சொல்லவே வேண்டாம். ஓர் எச்சரிக்கை: இப்படி மாற்றும்போது லிப்ரே ஆபீஸ், தனியாகச் சொல்லாவிட்டால், முதல் தாளை மட்டுமே எடுக்கும். சைஸ் செட் இரண்டாவது தாளில் இருந்தால் அது விடுபட்டுப்போகும். ஆகவே எத்தனை தாள் என்பதை முதலில் எண்ண வேண்டும்.

இன்னொரு சிறு வசதியை நம் ஆட்கள் எல்லாருக்கும் சொல்ல ஆசை. 'இணைத்துள்ளேன்' என்று எழுதிவிட்டுக் கோப்பைச் சேர்க்க மறப்பது எந்த அலுவலகத்திலும் நடப்பது. மடலில் அப்படி ஒரு சொல் இருந்து இணைப்பு இல்லாவிட்டால் அனுப்புமுன் நிறுத்திக் கேட்க மட்டில் ஓர் அமைப்பு உண்டு. முதலில் அது ஆங்கிலச் சொல்லை மட்டுமே தேடும். அந்த வரியில் 'இணைப்பு', 'இணைத்து' என்ற இரண்டு தமிழ்ச் சொல்லையும் சேர்த்துவிட்டால் தமிழ் மடலுக்கும் வேலை செய்யும். ஒரே ஒரு வரி. நாமாகவே எழுதிக்கொள்ளலாம்.

பார்வையற்றவர்களுக்கு எழுத்துவழி நிரல்களின் பயன் தனி. புனேயில் பிறந்து பதினான்கு வயதில் பார்வையை இழந்த டி. வி. ராமன் 1990களில் உருவாக்கிய ஈமேக்ஸ்பீக், ஈமேக்ஸுக்குள் மடலையும் அதன் பகுதிகளையும் பேசிக் காட்டுகிறது. படப் பொத்தான்களால் நிறைந்த மெயில் பக்கத்தைவிட, பெயரும் அளவும் வரிசையாக நிற்கும் பட்டியல் காதுக்கு எளிது. டாக்குமென்டேஷன் வேலையில் பார்வைக் குறையுடையவர்களை அமர்த்தத் தயங்கும் நிறுவனங்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

தமிழில் பெயர் வைத்தால்

கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் கூடிவருகிறார்கள், கூட வேண்டும். அந்தப் பெயர் மடலில் படும் பாட்டைப் பார்க்க எழுத்துத் திரைதான் நல்ல இடம். 'திருப்பூர்' என்பது நமக்கு ஐந்து எழுத்து. யூனிக்கோடில் குறிகளையும் சேர்த்து அது பத்துக் குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 30 பைட். கோப்பின் பெயரை லேபிளில் எழுத 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2231 சொல்லும் முறையில், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாகும். ஐந்தெழுத்து ஊர்ப்பெயர் 90 எழுத்தாக நீண்டுவிடுகிறது. நீண்ட பெயராக இருந்தால் அதையும் துண்டு துண்டாக வெட்டி எண்ணிட்டு அனுப்புவார்கள்.

இதோடு நின்றால் பரவாயில்லை. பல நிரல்கள் இந்த முறையை விட்டுவிட்டு, பொருள் வரிக்கென்று ஏற்பட்ட ஆர்எஃப்சி 2047 முறையில் கோப்புப் பெயரையும் எழுதிவிடுகின்றன. விதிப்படி அது தவறு. ஆனாலும் அப்படித்தான் வருகிறது. மட்டில் அதையும் படித்துக்காட்டச் சொல்ல ஓர் அமைப்பு உண்டு. அதைப் போடாவிட்டால் 'சாய ஆர்டர்' என்ற பெயர் சமக் குறியும் கேள்விக்குறியும் கலந்த கூட்டெழுத்தாகத் தெரியும். அவுட்லுக் சில சமயம் எல்லா இணைப்பையும் 'வின்மெயில்' என்ற ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பும் கொடுமையும் உண்டு. டிநெஃப் என்ற சிறு நிரல் அதை அவிழ்க்கும்.

யூனிக்கோடுக்கு முந்திய தமிழ்க் கோப்புகள் இன்னும் பெரிய சிக்கல். டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருவில் எழுதினோம். கோப்போடு எழுத்துருவையும் இணைத்து அனுப்பினால்தான் எதிர்முனையில் தமிழ் தெரியும். டிஸ்கி எட்டு பிட். பழைய மெயில் பாதை ஏழு பிட். நடுவில் ஏதாவது ஒரு சர்வர் எட்டாவது பிட்டை வெட்டிவிட்டால் தமிழ் மடல் குப்பையாகிவிடும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிக்கோடைத் தரமாக ஏற்ற பிறகு இந்தத் தொல்லை பெரிதும் ஓய்ந்தது. ஆனால் தமிழ் பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை உருவும்போது கொம்பும் காலும் இடம் மாறி வருவது இன்றும் தீரவில்லை. தமிழ் பிடிஎஃப்பைக் கறுப்புத் திரையில் படித்து முடிவெடுக்காதீர்கள். உரிய நிரலில் திறந்தே படியுங்கள்.

மோசடி இணைப்பும் சாட்சிக் கோப்பும்

2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ் ஒரு காதல் கடிதமாக வந்தது. கோப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி' என்று முடிவதுபோலத் தோன்றும். உண்மையான வால் 'விபிஎஸ்', அதாவது ஓடக்கூடிய நிரல். அறிந்த வகைக் கோப்புகளின் வாலை விண்டோஸ் மறைத்துக் காட்டியதால் இலட்சக்கணக்கானவர்கள் அதைக் கடிதம் என்றே திறந்தார்கள். எழுத்துவழி நிரலில் பெயர் வாலோடு முழுசாகத் தெரியும். கோப்பு தானாக ஓடவும் செய்யாது.

நம் தொழிலைத் தாக்குவது இப்போது வைரஸைவிட இன்வாய்ஸ் மோசடி. திருடன் யாரோ ஒருவரின் மெயில் பெட்டிக்குள் சத்தமில்லாமல் நுழைந்து ஆர்டர் பேச்சுகளைப் படித்துக்கொண்டே இருப்பான். பணம் அனுப்பும் நாள் நெருங்கும்போது, அதே இன்வாய்ஸை வங்கிக் கணக்கு எண் மட்டும் மாற்றி, ஏற்றுமதியாளர் பெயரிலேயே பையருக்கு அனுப்புவான். சரக்கு கப்பலேறியிருக்கும், பணம் வேறெங்கோ போயிருக்கும். அமெரிக்காவின் எஃப்பிஐக்கு வந்த புகார்களின்படி மட்டுமே இந்த வகை மோசடியில் 2023-இல் சுமார் 290 கோடி டாலர் பறிபோயிருக்கிறது. திருப்பூர் ஏற்றுமதியாளர்களும் இதில் அடிபட்டவர்கள்தான். காவல் நிலையம் போனவர்களைவிட, வெளியில் சொல்லாமல் விழுங்கியவர்கள் அதிகம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அந்த மடலில் அனுப்புநர் முகவரி ஓரெழுத்து மாறியிருக்கும். ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றால் 'எம்' போலவே தெரியும். அழகான எழுத்துருவில் கண்ணால் பிரிக்க முடியாது. டெர்மினல் என்னும் இந்த எழுத்துத் திரையில் எல்லா எழுத்தும் சம அகலம். இரண்டு எழுத்து இரண்டு கட்டத்தில் தனித்தனியே நிற்கும். மட்டில் 'எச்' அழுத்தினால் தலைப்பு வரிகள் முழுவதும் வரும். பதில் எந்த முகவரிக்குப் போகும், எந்த சர்வர் வழியாக வந்தது, கையொப்பச் சோதனையில் தேறியதா என்று மூன்றையும் அங்கேயே பார்க்கலாம். மெயில் சரியாகத் தெரிந்தாலும் வங்கிக் கணக்கு மாறியது என்றால் தொலைபேசியில் கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது. அனுப்பிவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். அது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண்.

தகராறு நீதிமன்றம் வரை போனால் இணைப்பின் கதை வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 மின்னணு ஆவணத்துக்குச் சட்ட மதிப்புத் தந்தது. சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்ட சான்றிதழை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆவது பிரிவு கேட்கிறது. அதன் படிவத்தில் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். மெயிலை அச்செடுத்த தாளோ, ஃபார்வர்டு செய்த நகலோ இதற்குப் போதாது. ஃபார்வர்டில் பழைய தலைப்பு வரிகள் கழன்றுவிடும். மெயில்டிர் என்ற முறையில் மெயிலைச் சேமித்தால் ஒரு மடலுக்கு ஒரு கோப்பு. தலைப்பும் உடலும் இணைப்பும் வந்தபடியே அதற்குள் இருக்கும். ஒரே கட்டளையில் அதன் ஷா-256 மதிப்பு கிடைக்கும். பையர் க்ளெய்ம் போட்டு, 'நாங்கள் சொன்ன அளவு இதுவல்ல' என்னும்போது இந்தக் கோப்பு பேசும்.

எழுத்துத் திரையால் முடியாதவையும் உண்டு. ஆர்ட்வொர்க்கை அங்கே சரிபார்க்க முடியாது. எம்பிராய்டரி மெஷினுக்கான டிஎஸ்டி கோப்பை விரித்துப் பார்க்க முடியாது. சில டெர்மினல்கள் இப்போது படம் காட்டும். ஆனால் பான்டோன் நிறத்தை அதை வைத்து முடிவு செய்தால் சாயப்பட்டறையில் அழ வேண்டியதுதான். நிறத்தைப் பொறுத்தவரை எந்தத் திரையையும் நம்பக்கூடாது. லேப் டிப்பை லைட் பாக்ஸில் டி65 விளக்கிலும் டிஎல்84 விளக்கிலும் காட்டிப் பார்ப்பதுதான் முறை.

நுழைவதிலும் தடை இருக்கிறது. கூகுள் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லோடு பிற நிரல்கள் நுழைவதை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. இப்போது ஓஆத் முறையையோ தனிச் செயலிக் கடவுச்சொல்லையோ ஏற்பாடு செய்ய வேண்டும். அரை நாள் வேலை. செய்யத் தெரிந்த பிள்ளைகள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

இன்னொரு போட்டி வாட்ஸ்அப். ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு அளவுத்தாளைப் படமாக எடுத்து அனுப்புவது எளிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் படமாக அனுப்பினால் அது சுருங்கும், பெயர் போகும், எண்களை ஒப்பிட எந்த நிரலாலும் முடியாது. பெரிய கோப்புகளுக்கு இப்போது இணைப்புக்குப் பதில் லிங்க் அனுப்புகிறார்கள். சில நாளில் அது காலாவதி. ஆறு மாதம் கழித்து க்ளெய்ம் வரும்போது அந்த மடலில் செத்துப்போன முகவரி ஒன்றுதான் மிஞ்சும். லிங்க் வந்த அன்றே கோப்பை இறக்கி, மடலோடு சேர்த்து வைப்பது இன்று ஒவ்வொரு மெர்ச்சன்டைசரின் கடமை.

ஊரில் நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது. பின்னலாடைக்கென்றே நடக்கும் கல்லூரி. அங்கும், மெர்ச்சன்டைசிங் சொல்லித்தரும் மற்ற இடங்களிலும், ஒரே ஒரு வகுப்பை மடலின் உட்பகுதிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பையர்களிடமும் ஒன்று கேட்கலாம்: திருத்திய அளவுத்தாள் அனுப்பும்போது, மாறிய வரிகளை மட்டும் மடலின் உடலிலும் வெறும் எழுத்தாக எழுதி, கோப்பின் பெயரில் தேதியைச் சேருங்கள். எந்தத் திரையில் திறந்தாலும் அது தெரியும்.

அதுவரை, மெர்ச்சன்டைசர் தம்பி தங்கைகளே, இன்று கட்டிங்குக்குத் தாள் போகும் முன் அதே ஆர்டரின் பழைய மடலையும் புதிய மடலையும் பக்கத்தில் வைத்து, இரண்டு கோப்பின் அளவையும் வந்த தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.